மோரிஸ் உடம்பு, பத்மினி உயிர்!

பழைய கார் விற்கிறவர்கள் இரண்டு ரகம். "டாக்டர் ஓட்டின வண்டி சார், சிங்கிள் ஓனர்" என்பவர்கள் முதல் ரகம். (தமிழ்நாட்டில் டாக்டர்கள் ஓட்டியதாகச் சொல்லப்படும் கார்களையெல்லாம் எண்ணிப் பார்த்தால், பாவம், அவர்களுக்கு நோயாளியைப் பார்க்க நேரமே இருந்திருக்காது!) "ஒரு ஸ்க்ரூ கூட மாத்தல சார், கம்பெனியிலேர்ந்து வந்த மாதிரியே இருக்கு" என்று பிள்ளை தலையில் அடித்துச் சத்தியம் செய்பவர்கள் இரண்டாவது ரகம்.

"எல்லாத்தையும் மாத்திட்டேன்" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லி கார் விற்கிற மூன்றாவது ரகத்தை நான் பார்த்தது கணியம்பாடியில்.

வேலூரிலிருந்து திருவண்ணாமலை போகிற பஸ்ஸில் ஏறினால், தொரப்பாடி ஜெயில், பாகாயம் மருத்துவக் கல்லூரி இரண்டையும் தாண்டி (இரண்டிலும் உள்ளே போவது கஷ்டம், வெளியே வருவது அதைவிடக் கஷ்டம்!) கொஞ்ச நேரத்தில் கணியம்பாடி வந்துவிடும். தேசிய நெடுஞ்சாலை எண் 38. தூங்கிப்போனால் கவலையில்லை, இந்தச் சாலை தூத்துக்குடி வரைக்கும் போகிறது. பஸ்தான் போகாது.

இறங்கித் தென்மேற்கே பார்த்தால் ஜவ்வாது மலை. சாமை, தேன், பலா, சீத்தாப்பழம் எல்லாம் இறங்கி வருகிற மலை. இதே மலைத்தொடரின் காவலூரில்தான் இந்தியாவிலேயே செய்யப்பட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கி, 1986-லிருந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. கணியம்பாடி பக்கத்திலிருந்து அமிர்தி போகிற ரோட்டைப் பிடித்தால் காடு, சின்னதாக ஒரு மிருகக்காட்சி சாலை, மழை பெய்தால் ஒரு அருவி. வேலூர் ஆபீஸ்களில் வேலை பார்க்கிற பாதிப்பேர் ஞாயிற்றுக்கிழமை பிரியாணிப் பொட்டலத்தோடு அங்கேதான் இருப்பார்கள்.

நாங்கள் அருவி பார்க்கப் போகவில்லை. என் ஆபீஸ் நண்பருக்குக் கார் பைத்தியம். 'கணியம்பாடியில் ஒரு மெக்கானிக், 1937 மோரிஸ் எய்ட் காரைப் பந்தயக் கார் மாதிரி கட்டி வைத்திருக்கிறார், விலைக்கு வருகிறது' என்று யாரோ அவர் காதில் போட்டுவிட்டார்கள். கையில் அட்வான்ஸ் பணம், துணைக்கு நான். நான் இன்ஷூரன்ஸ் ஆபீஸில் மோட்டார் கிளைம் ஃபைல் பார்க்கிறவன். ஒரு காரைப் பார்த்தால் எனக்கு அழகு தெரியாது, ஆவணம்தான் தெரியும். அதனால்தான் என்னைக் கூப்பிட்டார்.

புளியமரத்து ஷெட்

மெயின் ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தகர ஷெட். முன்னால் பெரிய புளியமரம். கிளையில் செயின் பிளாக் மாட்டி, எஞ்சின் தூக்குகிற ஏற்பாடு. ரோட்டோர மெக்கானிக்குகளுக்குக் கடவுள் கொடுத்த கிரேன், மரக்கிளைதான்!

மெக்கானிக் அண்ணனுக்கு அறுபதைத் தாண்டியிருக்கும். மலைக்குப் போகிற ஜீப்புகளைப் பழுது பார்த்தே வாழ்ந்தவர்.

"உக்காருங்க சார். டீ சொல்றேன். வண்டி எங்கியும் ஓடிடாது" என்றார்.

தார்ப்பாயை விலக்கினார். நண்பர் வாயைத் திறந்தார், அப்புறம் மூடவேயில்லை.

மேல்கூரை இல்லாத திறந்த கார். நீளமான பானெட். உருண்டு திரண்ட மட்கார்டு. பின்சக்கரம் பெரிது, முன்சக்கரம் சின்னது. அதனால் நிற்கும்போதே பாயப் போகிற மாதிரி ஒரு தோரணை. கலர்தான் விசேஷம். ஊதாவுமில்லை, கறுப்புமில்லை.

"இன்னா கலர் அண்ணே இது?"

"கத்திரிக்கா கலர் சார். நம்ம இலவம்பாடி முள்ளு கத்திரிக்காய ஒண்ணு கையில எடுத்துக்கினு போயி, இதே மாதிரி கலக்குடான்னு பெயிண்ட் கடையில உக்காந்துட்டேன்."

வேலூர் முள்ளு கத்திரிக்காய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது எல்லோருக்கும் தெரியும். அதற்கு முன்னாலேயே அது கார் கலராகப் பதவி உயர்வு பெற்றது எங்களுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது!

இதற்கு அமெரிக்காவில் ஒரு பேர்

இந்த மாதிரிப் பழைய உடம்பில் புதிய எஞ்சின் வைத்து, ரோட்டில் ஓட்டுவதற்காகக் கட்டுகிற காருக்கு அமெரிக்காவில் 'ஸ்ட்ரீட் ராட்' என்று பேர். கதை 1930-களில் தொடங்குகிறது. கலிபோர்னியாவில் காய்ந்துபோன ஏரிப் படுகைகளில் வாலிபப் பசங்கள் பழைய ஃபோர்டு கார்களின் மட்கார்டைக் கழற்றி எறிந்துவிட்டு, எடையைக் குறைத்து, எஞ்சினை முடுக்கி வேகப் போட்டி வைத்தார்கள். 1932 ஃபோர்டு வி-8 அவர்களுக்குக் குலதெய்வம். இரண்டாம் உலகப் போர் முடிந்து திரும்பிய பட்டாளத்துப் பசங்கள் கையில் காசும், மிலிட்டரியில் கற்ற மெக்கானிக் வேலையும் இருந்தன. 1948 ஜனவரியில் இதற்கென்றே 'ஹாட் ராட்' என்று ஒரு பத்திரிகை வந்தது. 1970-ல் தேசிய அளவில் ஒரு சங்கமே வைத்துத் திருவிழா நடத்தினார்கள். 1948 வரைக்கும் வந்த கார் என்றால்தான் ஸ்ட்ரீட் ராட் என்பது அந்தச் சங்கம் வகுத்த பழைய இலக்கணம்.

நம்ம ஊரிலும் இந்தக் கிறுக்கு இருந்தது. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் சோழவரம் விமானத் தளத்தில் நடத்திய பந்தயங்களை உங்கள் அப்பாவோ தாத்தாவோ சொல்லிக் கேட்டிருப்பீர்கள். அம்பாசடர், ஃபியட், ஹெரால்ட் என்று தெருவில் ஓடின வண்டிகளின் எஞ்சினைப் பிடுங்கி, வீட்டுக் கொல்லையில் கட்டின உடம்பில் பூட்டி ஓட்டினார்கள். 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் முறையான பந்தயப் பாதை வந்தபிறகு சோழவரம் ஓய்ந்தது. ஆனால் சோழவரத்துக் கார்கள் டிராக்கில் ஓடினவை. அவற்றுக்கு நம்பர் பிளேட் தேவையில்லை. பிரேக் இன்ஸ்பெக்டர் பார்க்க வேண்டியதும் இல்லை. நம்ம அண்ணன் கட்டினது ரோட்டில் ஓடுவதற்காக.

எங்கே கத்துக்கிட்டீங்க என்று கேட்டேன். மலைப்பக்கம் கையைக் காட்டினார். மலை ஜீப் என்பதே தினப்படி ஸ்ட்ரீட் ராட்தானே! போர்க்காலத்து வில்லிஸ் ஜீப்பின் வம்சம், வயிற்றில் டீசல் எஞ்சின், பின்னால் நீட்டின பெஞ்சு. மஹிந்திராவின் எம்.எம்.540 ஜீப்பில் இருந்தது பிரெஞ்சுக்கார பெஜோ கம்பெனியின் டீசல் எஞ்சின். இதில் ஒரு வேடிக்கை. வேலூர் ஆஸ்பத்திரியை உருவாக்கிய டாக்டர் ஐடா ஸ்கடர், நூறு வருஷத்துக்கும் முன்னால் குடியாத்தம் ரோட்டில் மரத்தடி மரத்தடியாக நிறுத்தி வைத்தியம் பார்த்தாரே, அவருடைய முதல் காரும் பெஜோதான்! ஒரே ஒரு சிலிண்டர். (ஆக, 'டாக்டர் ஓட்டின வண்டி' என்று வேலூர்க்காரர்கள் சொன்னால் அதில் ஒரு வண்டியாவது நிஜம்.)

வேதாளம் கேட்ட கேள்வி

மோரிஸ் எய்ட்டின் சொந்த எஞ்சின் 918 சி.சி. மூன்று கியர், ஆறு வோல்ட் பேட்டரி. எதிர்க்காற்று அடித்தால் யோசிக்கிற சுபாவம். அண்ணன் அதை இறக்கிவிட்டு, பிரீமியர் பத்மினியின் 1089 சி.சி. எஞ்சினைப் பூட்டியிருந்தார். கிட்டத்தட்ட இரண்டு மடங்கு பலம். நாலு கியர், பன்னிரண்டு வோல்ட். பலம் ஏறினால் நிறுத்துகிற சக்தியும் ஏற வேண்டும் அல்லவா? பத்மினியின் பிரேக், பத்மினியின் பின் அச்சு. அந்த அச்சு மோரிஸுக்கு அகலம் ஜாஸ்தி. சக்கரம் வெளியே துருத்தியது. அதை மறைக்கத் தகடு தட்டி, புது மட்கார்டு. ஒன்றை மாற்றினால் ஒன்பதை மாற்ற வேண்டியிருக்கிற கதை, கல்யாண வீட்டுக்கு வெள்ளையடிக்கிற மாதிரி!

ஸ்டார்ட் பண்ணிக் காட்டினார். ஷெட் தகரம் அதிர்ந்தது. நண்பர் கண்ணில் ஈ.சி.ஆர். ரோடு தெரிந்தது.

எனக்கு விக்கிரமாதித்தன் கதைதான் ஞாபகம் வந்தது. தலை மாறிப்போன இரண்டு பேரில் யார் அவளுக்குப் புருஷன் என்று வேதாளம் கேட்குமே! தலை எவனுடையதோ அவனே என்றார் விக்கிரமாதித்தன். மோரிஸ் உடம்பு, பத்மினி உயிர் என்று நிற்கிற இந்தக் கார் எந்தக் கார்? விக்கிரமாதித்தனைக் கேட்டால் எஞ்சின் என்று சொல்லியிருப்பாரோ என்னவோ. ஆர்.டி.ஓ. ஆபீஸைக் கேட்டால் இரண்டு நம்பரையும் கேட்பார்கள், சேசிஸ் நம்பர், எஞ்சின் நம்பர். இரண்டும் ஆர்.சி. புக்கோடு ஒத்துப்போக வேண்டும்.

ஆர்.சி. புக்கைக் கேட்டேன். டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்து வந்தார். அப்பளம் மாதிரி இருந்தது. வட ஆற்காடு மாவட்டம் என்று போட்டிருந்தது. 1989-ல் அந்த மாவட்டத்தை இரண்டாகப் பிரித்தார்கள். 2019-ல் வேலூரை மறுபடி மூன்றாகப் பிரித்தார்கள். மாவட்டமே உதிரி பாகமாகிவிட்டது, கார் மட்டும் முழுசாக இருக்கிறது! புக்கில் சேசிஸ் நம்பர் சரி. எஞ்சின் நம்பர் மோரிஸுடையது. முன்னால் உறுமிக்கொண்டிருப்பதோ பத்மினி. அதனாலேயே அண்ணன் ரெஜிஸ்ட்ரேஷனைப் புதுப்பிக்கப் போகாமல் விட்டிருந்தார்.

நண்பரைத் தனியாகக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேன், இந்த மாதிரி ஆசை வாலிப வயதில் எல்லோருக்கும் வரும்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரித்த கம்பெனி சொன்ன விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. அதே மேக், அதே ரக எஞ்சின் போடுவதற்கும், கேஸில் ஓடுகிற மாதிரி மாற்றுவதற்கும் வழி உண்டு. மோரிஸில் பத்மினியை வைக்க வழி இல்லை. கேரளாவிலிருந்து போன ஒரு வழக்கில் சுப்ரீம் கோர்ட்டும் 2019 ஜனவரியில் இதையே அழுத்தமாகச் சொன்னது. அதே 2019-ல் வந்த திருத்தத்தின்படி, சொந்தக்காரர் இஷ்டத்துக்கு மாற்றினால் ஆறு மாசம் வரை ஜெயில், அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். ஒவ்வொரு மாற்றத்துக்கும்! அண்ணன் செய்த மாற்றங்களை நான் விரல் விட்டு எண்ண ஆரம்பித்தேன். விரல் தீர்ந்துபோனது.

சரி, பழங்கால வண்டி என்று சலுகை உண்டா? உண்டு. 2021 ஜூலையில் மத்திய அரசு தனி விதி கொண்டுவந்தது. ஐம்பது வயது தாண்டின வண்டியை 'விண்டேஜ்' என்று பதியலாம். புதிதாகப் பதிய 20,000 ரூபாய், பத்து வருஷம் செல்லும். புதுப்பிக்க 5,000. புது நம்பரானால் நடுவில் 'வி.ஏ.' என்ற எழுத்து வரும். ஏற்கெனவே நம்பர் இருந்தால் அதையே வைத்துக்கொள்ளலாம். கண்காட்சி, விண்டேஜ் ஊர்வலம், பெட்ரோல் போட, பழுது பார்க்க என்று எடுத்துப் போகலாம். தினம் ஆபீஸுக்கு ஓட்டக்கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு நிபந்தனை: சேசிஸ், உடம்பு, எஞ்சின் எதிலும் பெரிய மாற்றம் இருக்கக்கூடாது.

ஆக, ஸ்ட்ரீட் ராட் என்பது இந்தியாவில் திரிசங்கு. புதுக்கார் சட்டம் 'மாத்தாதே' என்கிறது. பழைய கார் விதி 'மாத்தினியா? போ வெளியே' என்கிறது. அமெரிக்காக்காரன் திருவிழா நடத்துகிற பொருளுக்கு நம்ம ஃபாரத்தில் கட்டமே இல்லை! இன்ஷூரன்ஸ்காரனாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். பாலிசியில் எழுதின வண்டி வேறு, மோதின வண்டி வேறு என்றால் அந்த ஃபைல் என் மேஜைக்கு வரும்போது சந்தோஷமாக வராது. நண்பர் பாக்கெட்டிலிருந்த அட்வான்ஸைத் தடவிக்கொண்டு பேசாமல் நின்றார்.

கூலி எங்கே?

அண்ணனுக்கு நாங்கள் வாங்குவோமா மாட்டோமா என்பதைவிடப் பெரிய கவலை. ஷெட் இருந்த இடத்தின் சொந்தக்காரர் கடை கட்டப் போகிறார். தை பிறப்பதற்குள் காலி செய்ய வேண்டும். வீட்டுச் சந்தில் சைக்கிள் நுழையும், கார் நுழையாது. இனிமேல் வேறு ஷெட் பிடிக்கிற வயசும் இல்லை, கண்ணும் மங்குகிறது.

எவ்வளவு சொல்றீங்க என்றோம்.

"நாலரை."

ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்து நீட்டினார். பன்னிரண்டு வருஷக் கணக்கு. பத்மினி எஞ்சின், காயலான் கடை. லேத் வேலை, வேலூர். சீட் தைத்தது. பெயிண்ட். மெட்ராஸ் புதுப்பேட்டையில் வாங்கின சில்லறைச் சாமான். பஸ் டிக்கெட்டைக்கூட ஒட்டி வைத்திருந்தார். மொத்தம் 2,85,000 ரூபாய்.

"கூலி எங்கே அண்ணே?"

"எந்தக் கூலி?"

"உங்க கூலி."

"என் கைக்கு நானே கூலி போட்டுக்கறதா சார்? நல்லா கேட்டீங்க!" என்று சிரித்தார்.

எனக்கு ஆபீஸ் புத்தி. மனசுக்குள் கணக்குப் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேலை என்றாலும், பன்னிரண்டு வருஷத்துக்கு 624 ஞாயிறு. பொங்கல், தீபாவளி, கல்யாணம், கருமாதி எல்லாம் கழித்து 600 நாள் என்று வையுங்கள். நாளுக்கு ஆயிரம் ரூபாய் என்றாலே ஆறு லட்சம்! சாமானையும் சேர்த்தால் 8,85,000. அவர் கேட்பது அதில் பாதி.

இது கணியம்பாடிக்கு மட்டும் வந்த கஷ்டமில்லை. 1973-ல் வந்த 'அமெரிக்கன் கிராஃபிட்டி' என்ற ஹாலிவுட் படத்தில் ஒரு மஞ்சள் 1932 ஃபோர்டு ஓடும். உலகத்தில் மிகப் பிரபலமான ஹாட் ராட் அதுதான். படம் முடிந்ததும் 1,500 டாலருக்கு விளம்பரம் கொடுத்தார்கள். வாங்க ஆள் வரவில்லை! படம் சக்கைப்போடு போட்ட பிறகுதான் அருமை தெரிந்தது. ஒருத்தன் தன் ஆசைக்குக் கட்டின கார் இன்னொருத்தன் ஆசைக்கு அப்படியே பொருந்தாது. தைத்த சட்டை மாதிரி. துணிக்கு விலை உண்டு, தையலுக்குக் கூலி உண்டு, அடுத்தவன் உடம்புக்கு விற்கப் போனால் இரண்டும் கிடைக்காது.

அதற்குள் வந்து போனவர்கள் பட்டியலை அண்ணன் சொன்னார். ஆட்டோ கன்சல்டிங் வைத்திருக்கிற ஒருவர், சுற்றிச் சுற்றி வந்து பானெட்டைத் தட்டிப் பார்த்து, "இரும்பு விலைக்கு மேல பத்து சேத்து அறுபதாயிரம் தரேன்" என்றாராம். சினிமா கலை இலாகாவிலிருந்து ஒருவர், "நல்லா இருக்கு, கிளைமாக்ஸ்ல வெடிக்க வெக்கலாம்" என்றாராம். அதைச் சொல்லும்போது அண்ணன் குரலில் ஒரு நடுக்கம். "வெடிக்க வெக்கறதுக்கா சார் பட்டி பாத்தேன், பன்னெண்டு வருசம்?"

மூன்றாவதாக வந்தவர் மெட்ராஸில் பழைய கார் சேர்க்கிறவர். அவர் இந்தக் காரை மேலோட்டமாகத்தான் பார்த்தாராம். நேராக ஷெட்டுக்குப் பின்னால் போனார். அங்கே சுவரில் மோரிஸின் சொந்த மட்கார்டுகள் தொங்கிக்கொண்டிருந்தன. பரண்மேல் சொந்த அச்சு. மூலையில் கிரீஸ் தடவி, கோணி சுற்றி, சொந்த எஞ்சின். அவர் ஒரு டார்ச் அடித்து எஞ்சின் நம்பரைப் படித்தார். "நாலு லட்சம் தரேன். ஆனா எனக்கு இந்த வண்டி வேணாம், அந்த வண்டி வேணும்" என்றாராம்.

அதாவது பன்னிரண்டு வருஷமாகக் கட்டினதைப் பிரித்து, பழைய மோரிஸாகத் திருப்பிக் கொடுத்தால் நாலு லட்சம்.

"எல்லாத்தையும் ஏன் அண்ணே பத்திரமா வெச்சிருந்தீங்க?" என்றேன். யாராயிருந்தாலும் காயலான் கடைக்குப் போட்டிருப்பார்கள்.

"சேஸ் மேல ஒரு எடத்துல கூட வெல்டிங் வெக்கல சார். எல்லாம் போல்ட்டு. பிராக்கெட் செஞ்சி பழைய ஓட்டையிலயே மாட்டினது. அவுத்தா வந்துரும். அடுத்தவன் பெத்த புள்ள இது. நகை போடலாம், கைய வெட்டக்கூடாது."

நண்பர் அப்போதுதான் வாயை மூடினார்.

பிரிக்கிற கூலி

முடிவை அண்ணன்தான் எடுக்க வேண்டும். கேட்கவே எனக்குத் தயக்கமாக இருந்தது. டீ வந்தது. டீயைக் குடித்துவிட்டு அவரே சொன்னார்.

"நீங்க சட்டம் சொன்னீங்க. நான் இத ரோட்டுல வுட்டா எவனாவது ஒரு பையன் வாங்கிக்கினு போயி மாட்டிக்குவான். இல்லாட்டி இடிச்சிக்குவான். இன்சூரும் இல்ல. அந்தப் பாவம் எதுக்கு? பிரிச்சிடறேன்."

அப்புறம் சற்று யோசித்து, "ஆனா ஒண்ணு. பிரிக்கிறதுக்குக் கூலி வாங்குவேன்" என்றார்.

வாங்கவும் செய்தார். மெட்ராஸ்காரரிடம் போனில் பேசினபோது பக்கத்தில் நானும் இருந்தேன். நாற்பது நாள் வேலை, நாளுக்கு ஆயிரம், மொத்தம் நாற்பதாயிரம் தனி. பத்மினி எஞ்சின், அச்சு, புது மட்கார்டு எல்லாம் அண்ணனுக்கே. அந்தப் பக்கம் மறுபேச்சே இல்லை. விண்டேஜ் பதிவுக்கு வண்டியை மாநிலக் கமிட்டி பார்க்க வேண்டும், அது தன் பொறுப்பு என்று அவர் ஒப்புக்கொண்டார். ஆர்.சி.யில் இருக்கிற இரண்டு நம்பரும் வண்டியில் இருப்பதுதான் அவருக்கு முக்கியம்.

கட்டின அறுநூறு நாளுக்குக் கூலி கிடையாது. கட்டினதைக் கலைக்கிற நாற்பது நாளுக்குக் கூலி உண்டு. இதைவிட விசித்திரமான சம்பளப் பட்டியலை நான் எந்த ஆபீஸிலும் பார்த்ததில்லை. ஆனால் அண்ணன் முகத்தில் வருத்தத்தைவிட ஒரு கெத்துதான் தெரிந்தது. அவர் வேலை எவ்வளவு சுத்தம் என்பதற்கு அத்தாட்சி, அதை ஒரு கீறல் இல்லாமல் கழற்ற முடிவதுதானே! வெட்டி ஒட்டியிருந்தால் இன்றைக்கு அறுபதாயிரம்தான். அந்த மீதிப் பணம் முழுக்க அவர் வெட்டாமல் விட்டதற்குக் கிடைத்த விலை.

நண்பர் சும்மா வரவில்லை. அட்வான்ஸ் பணத்தில் இரண்டு பாட்டில் மலைத்தேனும் ஒரு பலாப்பழமும் வாங்கினார். பலாப்பழத்துக்கு ஆர்.சி. புக் தேவையில்லை என்பதை நான் உறுதி செய்து கொடுத்தேன்.

ஆசை இருக்கிறவர்களுக்கு

இந்த மாதிரிக் காரைக் கண்டு மயங்கினால், முதலில் பானெட்டைப் பார்க்காதீர்கள், புக்கைப் பாருங்கள். சேசிஸ் நம்பர்மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பிரதி எடுங்கள். எஞ்சின் நம்பரையும் படியுங்கள். இரண்டும் புக்கோடு சேரவில்லை என்றால், நீங்கள் வாங்கப் போவது கார் அல்ல, கண்காட்சிப் பொருள். அப்படித் தெரிந்தே வாங்கி வாசலில் நிறுத்தி அழகு பார்ப்பது உங்கள் இஷ்டம். ரோட்டுக்கு எடுப்பது வேறு விஷயம். புக் சரியாக இருந்து வாங்கினால், படிவம் 29, 30 இரண்டிலும் விற்கிறவர் கையெழுத்து வாங்காமல் சாவியைத் தொடாதீர்கள். இன்ஷூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பேருக்கு மாற்ற எழுதிக் கொடுங்கள்.

விற்கிறவரா நீங்கள்? கழற்றின சாமானில் ஒரு நட்டைக்கூடத் தூக்கிப் போடாதீர்கள். உங்கள் கற்பனைக்கு விலை சொல்ல ஆள் வருவது அபூர்வம். மூலையில் கோணி சுற்றிக் கிடப்பதற்கு ஆள் வரலாம்.

மார்கழிக் கடைசியில் அமிர்திக்குப் போகிற சாக்கில் ஒரு எட்டு பார்த்துவிட்டு வந்தேன். ஷெட்டில் தகரம் பிரிக்கிற வேலை நடந்துகொண்டிருந்தது. மோரிஸ் மெட்ராஸ் போய்விட்டது, கத்திரிக்காய் கலரைச் சுரண்டி, பழைய கறுப்பில். புது மட்கார்டு இரண்டும் அண்ணன் வீட்டு மொட்டைமாடியில். எடுபிடிப் பையன் பிரித்த நாற்பது நாளையும் செல்போனில் படம் பிடித்து வைத்திருக்கிறான். எந்த போல்ட் எந்த ஓட்டை என்று அவனுக்கு இப்போது மனப்பாடம்.

"பத்மினி எஞ்சின் எங்க அண்ணே?"

அண்ணன் மேலே காட்டினார். புளியமரக் கிளையில், செயின் பிளாக்கில், கோணி கட்டித் தொங்கிக்கொண்டிருந்தது.

"வித்துட வேண்டியதுதானே?"

"இருக்கட்டும் சார். ஒடம்பு ஒண்ணு கெடைக்காமலா போயிடும்?" என்றார், மலை ஜீப்புகள் இறங்குகிற ரோட்டைப் பார்த்துக்கொண்டே.

வேதாளம் மறுபடி மரம் ஏறிவிட்டது!